ஆறாம் அத்தியாயம்: உப்புக் காற்றில் தட்டைத் தந்தி

வேம்பாறு தொடங்கித் தூத்துக்குடி, புன்னைக்காயல், திருச்செந்தூர், மணப்பாடு என்று தெற்கே நீளும் முத்துக்குளித்துறைக் கரையில் வாழ்கிறவர்களுக்கு, இரும்பு எவ்வளவு அற்பாயுசு உடையது என்பதைப் பிறர் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கதவின் கீலும், சைக்கிள் செயினும், மொட்டை மாடியில் நீட்டி நிற்கும் கட்டுக் கம்பியும் அந்தப் பாடத்தை ஆண்டுதோறும் நடத்திக்கொண்டே இருக்கின்றன. ஆயினும் இதே ஊர்களில் தேவாலயப் பாடகர் குழுவிலும், கோயில் கொடைக்கும் கல்யாண வரவேற்புக்கும் வாசிக்கிற மெல்லிசைக் குழுக்களிலும் பேஸ் கிட்டார் ஏந்தும் இளைஞர்கள், தந்தி வாங்கப் புறப்படும்போது மட்டும் அந்தப் பாடத்தை அடியோடு மறந்து, கோயம்புத்தூர்க்காரரும் பெங்களூர்க்காரரும் வாங்குகிற அதே ரவுண்ட்வவுண்ட் செட்டை வாங்கிப் பூட்டி, இரண்டொரு மாதத்துக்குள் அது மங்கிச் சொரசொரத்துப் போனதும் தங்கள் கைவியர்வையின் மேல் பழியைப் போட்டுவிட்டு, மறுபடியும் அதையே வாங்குவதைக் காண்கிறோம்.

இந்த அத்தியாயம் அவர்களை முன்னிட்டே எழுதப்படுகிறது. பிளாட்வவுண்ட் என்று கடைகளில் வழங்கும் தட்டைச் சுற்றுத் தந்தி எல்லாருக்கும், எல்லா இசைக்கும் ஏற்றது என்று சாதிப்பது என் நோக்கமன்று. ஏற்காத இடங்களையும் சொல்லத்தான் போகிறேன். ஆனால் அதை வாங்குவதென்று தீர்மானித்துவிட்டவர், முதலில் கம்பெனியின் பெயரையும், அடுத்தபடியாகத் தடிமன் எண்ணையும், நேரமிருந்தால் இழுவிசையையும் விசாரித்துவிட்டு, உலோகம் இன்னதென்று கேட்காமலே பணத்தை எண்ணிக் கொடுக்கிற வழக்கம் இந்தக் கரையைப் பொறுத்தவரை தலைகீழ் வழக்கம் என்பதே என் அபிப்பிராயம். இங்கே உலோகம் முதலில், இழுவிசை அதற்கடுத்து, தடிமன் மூன்றாவது. கம்பெனியின் பெயர் கடைசியில் வந்தால் போதும்.

தந்தியின் அமைப்பைச் சற்றே பார்த்துவிட்டு மேலே செல்வோம். எந்த பேஸ் தந்திக்கும் நடுவில் உறுதியான எஃகுக் கம்பி ஒன்று ஓடுகிறது. இழுப்பைத் தாங்குவது அதுதான். மந்தர ஸ்தாயியின் கீழ்ச் சுரங்களுக்கு வேண்டிய கனத்தை அதற்குக் கொடுப்பதற்காக, அதன்மேல் அடுக்கடுக்காக வேறு கம்பிகளைச் சுற்றுகிறார்கள். கடைசி அடுக்கும் உருண்டையான கம்பியாகவே இருந்தால் அது ரவுண்ட்வவுண்ட். விரல் நகத்தால் வருடினாலே அதன் வரிப்பள்ளங்கள் கரகரக்கும். கடைசி அடுக்கில் மட்டும் உருண்டைக் கம்பிக்குப் பதிலாக நாடாவைப் போலத் தட்டையாக்கிய உலோகப் பட்டையை நெருக்கமாகச் சுற்றி மெருகேற்றிவிட்டால், விரலுக்கு வழவழப்பாகவும், காதுக்கு உச்ச ஒலிகள் அடங்கி அடிநாதம் மேலோங்கியும் நிற்கிற பிளாட்வவுண்ட் கிடைக்கிறது.

லியோ ஃபெண்டர் தமது பிரிசிஷன் பேஸை 1951-ல் வெளியிட்டதற்குப் பிந்திய பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் மின்சார பேஸ் என்றாலே தட்டைத் தந்திதான் என்கிற நிலைமை இருந்தது. அறுபதுகளின் நடுவில், 'தி ஹூ' குழுவின் ஜான் என்ட்விசில் பியானோவின் கீழ்த்தந்திகளைப் போன்ற கணீரென்ற சப்தத்தைத் தேடி இங்கிலாந்தின் ரோட்டோசவுண்ட் கம்பெனியோடு சேர்ந்து முயன்ற பிறகே உருண்டைச் சுற்று செல்வாக்குப் பெற்றது. அதே காலத்தில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், மோட்டவுன் கம்பெனியின் எண்ணற்ற இசைத்தட்டுகளுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், தமது 1962-ஆம் ஆண்டுப் பிரிசிஷன் பேஸில் லா பெல்லாவின் கனத்த தட்டைத் தந்திகளைப் பூட்டி, அறுந்தாலொழிய மாற்றுவதில்லை என்ற வைராக்கியத்தோடு ஒற்றை ஆள்காட்டி விரலாலேயே மீட்டி வந்தார். தட்டைத் தந்தி என்றால் மந்தமான ஒலி என்று இதிலிருந்து முடிவு கட்டுவதும் பிசகு. இரைச்சலுக்குப் பேர்போன 'அயர்ன் மெய்டன்' குழுவின் ஸ்டீவ் ஹாரிஸ் பூட்டுவதும் தட்டைத் தந்திதான். 50 முதல் 110 வரை தடிமனுள்ள அந்த ரோட்டோசவுண்ட் செட்டிலிருந்து அவர் எழுப்பும் ஒலியை மந்தம் என்று யாரும் சொல்லத் துணியமாட்டார்கள்.

நம்மவருடைய காதுக்கும் பேஸ் புதிதன்று. இளையராஜாவின் குழுவில் நெடுங்காலம் வாசித்த சசிதரனையும், ஏ.ஆர். ரஹ்மானின் பாடல்களில் வாசித்த கீத் பீட்டர்ஸையும் பெயரால் அறியாதவர்கள்கூட, அவர்கள் வாசித்த அடிச்சுரங்களை மனத்துக்குள் முணுமுணுக்கக் கூடியவர்களே. பாடகரின் மெட்டுக்குக் கீழே தனக்கென்று ஒரு மெட்டைப் பிடித்துக்கொண்டு நடக்கிற பேஸைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு, ஒவ்வொரு சுரமும் திரண்டு, அடுத்த சுரத்துக்கு இடம் விட்டு ஒதுங்குகிற தட்டைத் தந்தியின் சுபாவம் அந்நியமாகத் தோன்ற நியாயமில்லை. தபேலாவோ டோலக்கோ கூட வாசிக்கப்படும் குழுவில் இன்னோர் அனுகூலமும் உண்டு. வலக்கைத் தபேலாவின் கணீர் ஒலி குடியிருக்கும் மேல் பகுதியில் பேஸின் கரகரப்பு குறுக்கிடாமல், இரண்டும் தத்தம் இடத்தில் விளங்குகின்றன.

இனி உலோகத்துக்கு வருவோம். இங்கேதான் நிதானமாக நிற்க வேண்டியிருக்கிறது.

சமையல் உப்புக்கு ஒரு குணம் உண்டு. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டியவுடனே, அது காற்றிலுள்ள நீரைத் தானே இழுத்துக் கரைந்து உப்புநீராகிவிடும். மேல்திசையிலிருந்து கச்சான் காற்று வறண்டு அடிக்கும் மாதங்களில் நம் தந்தியின்மேல் படிந்த உப்பு பெரும்பாலும் உலர்ந்த தூளாகவே கிடக்கும். ஆனால் கடலின் பக்கமிருந்து கொண்டல் எழும் நாள்களிலும், ஐப்பசி கார்த்திகை மழைக்காலத்திலும், பெரும்பாலான இரவுகளிலும், அந்தத் தூள் தந்தியின்மேலேயே நுண்ணிய உப்புநீர்த் துளிகளாகி உலோகத்தைத் தின்னத் தொடங்குகிறது. வாசிப்பவருடைய வியர்வையிலும் அதே உப்பே இருப்பதால், உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவே வசிக்கிற பேஸ்காரருடைய தந்திக்கு வெளியிலிருந்தும் விரலிலிருந்தும் என இருமுனைத் தாக்குதல். உருண்டைச் சுற்றின் வரிப்பள்ளங்கள் ஒவ்வொன்றும் அந்த உப்பும் அழுக்கும் தங்குவதற்கென்றே வெட்டிவைத்த வாய்க்கால்களாக ஆகிவிடுகின்றன. அங்கே தங்கிய பண்டம் தந்தியின் கனத்தை இடத்துக்கிடம் ஏறுமாறாக்கி அதிர்வையும் விழுங்குவதால், தந்தி அறுவதற்கு வெகுகாலம் முன்பே அதன் ஒலி செத்துவிடுகிறது. தட்டைச் சுற்றில் பட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்பதால் உப்புக்குப் புகுமிடம் குறைவு. ஒரு துணியால் துடைத்தால் பெரும்பகுதி வெளியேறிவிடும். இந்த ஒரு காரணத்துக்காகவே, விலை ரவுண்ட்வவுண்டைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் போனாலும், இந்தக் கரையில் தட்டைத் தந்தியே சிக்கனமானது என்பேன்.

ஆனால் தட்டைத் தந்திகளுக்குள்ளும் உலோகம் பல. மிகுதியாகக் கிடைப்பவை துருப்பிடிக்காத எஃகுப் பட்டை சுற்றியவை. லா பெல்லாவின் 760 வரிசையும் ஃபெண்டரின் 9050 வரிசையும் இந்த ஜாதியைச் சேர்ந்தவை. பெயரை நம்பி இதற்குத் துருவே கிடையாது என்று இருந்துவிடலாகாது. துருப்பிடிக்காத எஃகைக் காப்பது அதன் மேற்பரப்பில் தானாக உண்டாகும் மெல்லிய குரோமியம் ஆக்ஸைடு படலம். உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தை அங்கங்கே துளைத்து, ஊசி முனையளவு குழிகளை உண்டாக்கக் கூடியது. துடைத்து வைத்தால் பல ஆண்டு நிற்கும் தந்தி, கச்சேரி முடிந்த கையோடு பையில் திணித்து மூன்று மாதம் மறந்துவிட்டால் புள்ளி புள்ளியாக அரித்துப்போகும் என்பதே இதன் தாத்பரியம். அடுத்த ஜாதி நிக்கல் பட்டை சுற்றியது. வியன்னாவில் தயாராகும் தாமஸ்டிக்-இன்ஃபெல்ட் ஜாஸ் தந்தி இதற்கு உதாரணம். நிக்கல் உப்புக் காற்றுக்கு எளிதில் மசிவதில்லை. நாளாக ஆக மேற்பரப்பு சற்றே கருத்து மங்கும், அவ்வளவுதான். இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். நிக்கல் வேறு, நிக்கல் முலாம் பூசிய எஃகு வேறு. முலாம் விரல் பட்டுப் பட்டுத் தேய்ந்த இடத்தில் உள்ளிருக்கும் எஃகு வெளியே தலைகாட்டும். அப்புறம் அதன் கதி கதவுக் கீலின் கதிதான். உறையின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் பொறுமையாகப் படித்தால் இந்த வேறுபாடு தெரிந்துவிடும்.

மூன்றாவது மோனெல். இது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நிக்கலும், மீதியில் பெரும்பகுதி செம்பும் கலந்த உலோகம். கடல்நீருக்குச் சளைக்காத குணத்தால் கப்பல்களின் சுழல் தண்டுகளுக்கும், உப்புநீர் ஓடும் பம்புகளுக்கும் வால்வுகளுக்கும் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருவது. துறைமுகத்தில் எஞ்சின் வேலை பார்க்கும் உறவினர் யாரேனும் உங்களுக்கு இருந்தால் இதன் பெருமையை அவரிடமே கேட்டுக்கொள்ளலாம். ரோட்டோசவுண்டின் ஜாஸ் பேஸ் 77 என்ற செட் மோனெல் பட்டை சுற்றியது. காற்றை மட்டும் அளவுகோலாக வைத்துப் பார்த்தால் தூத்துக்குடிக்கென்றே செய்த தந்தி என்று இதைச் சொல்லலாம். ஆயினும் புதிதில் விரலைப் பிடித்து நிறுத்துவது போன்ற ஒரு பிசுக்கு இதில் உண்டு, இழுப்பும் அதிகம், ஒலியும் மற்றத் தட்டைத் தந்திகளைவிடக் கூர்மையானது. இந்த மூன்றும் உங்களுக்குச் சம்மதமானால் வாங்கலாம். விரல் மென்மையானவர்களுக்கு நான் சிபாரிசு செய்வதில்லை.

எந்தப் பட்டை சுற்றினாலும் நடுக்கம்பி எஃகுதான் என்பதையும் மறக்கக் கூடாது. வெளிப்பட்டை பளபளவென்று இருக்க, பிரிட்ஜின் ஓரத்தில் உட்கம்பி துருவேறி ஒரு நாள் அறுந்துபோகிற தந்திகளும் உண்டு.

இரண்டாவது விஷயம் இழுவிசை. கடைக்காரர் டென்ஷன் என்பார். நான்கு தந்திகளும் சுருதியில் நிற்கும்போது கிட்டாரின் கழுத்தை இழுக்கும் விசை சுமார் 70, 80 கிலோ. வளர்ந்த ஆள் ஒருவர் அதைப் பிடித்து இரவும் பகலும் தொங்கிக்கொண்டிருப்பதற்குச் சமம். நீளமும் சுருதியும் மாறாதிருக்கும்போது இந்த இழுப்பைத் தீர்மானிப்பது தந்தியின் கனம் ஒன்றே. தட்டைப் பட்டைகளுக்கு இடையில் வெற்றிடம் குறைவாகையால், ஒரே தடிமனுள்ள உருண்டைச் சுற்றைவிடத் தட்டைச் சுற்றில் உலோகம் அதிகம், ஆகவே இழுப்பும் பெரும்பாலும் அதிகம். முன்பு 45-105 ரவுண்ட்வவுண்ட் வாசித்துப் பழகியவர் அதே எண்ணைப் பார்த்துத் தட்டைத் தந்தியை வாங்கிவிட்டு, இடக்கை இரண்டு பாட்டுக்குள் சோர்ந்துபோவதன் காரணம் இதுவே. அவர் 43-104 அல்லது 45-100 செட்டில் தொடங்குவது உசிதம்.

எண்ணை மட்டும் நம்பினாலும் ஏமாற்றந்தான். தாமஸ்டிக்கின் ஜே.எஃப். 344 என்ற செட்டின் தடிமன்கள் முறையே 43, 56, 70, 100. அதைப் பூட்டி மீட்டிப் பார்த்தவர்கள், இவ்வளவு தளர்வான தட்டைத் தந்தியும் உண்டா என்று வியப்பார்கள். விரலுக்கு ரப்பரைப் போல வளைந்து கொடுக்கும்; ஒலியில் நடுப்பகுதி நிறைந்து, பாடுகிற குணம் ததும்பும். ஆனால் வலக்கையால் ஓங்கி அறைந்து வாசிக்கிறவருக்கு அது ஃபிரெட்டில் மோதிக் கலகலக்கும். அதற்கு எதிர்க்கோடியில், ஜேமர்சனின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் லா பெல்லாவின் 52-110 செட். பழங்காலத்துக் கனமான கழுத்துள்ள வாத்தியமும், கல்லைப் பிசையும் விரல்களும் இல்லாதவர்கள் அதை மரியாதையோடு தள்ளி வைப்பது நலம். விலை குறைந்த வாத்தியங்களில் கழுத்து அந்த இழுப்பில் வில்லாக வளைந்து, உள்ளிருந்து அதை நிமிர்த்தும் ட்ரஸ் ராடை முழுவதும் முறுக்கியும் நிமிராமல் போவதைக் காணலாம்.

தடிமனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 45, 105 என்பவை அங்குலத்தில் ஆயிரத்தில் இத்தனை பங்கு என்ற கணக்கு. சாமானியமாக நம் ஊருக்கு வரும் பேஸ்களில் நட்டின் பள்ளங்கள் 45-105 தந்திக்கென்று வெட்டப்பட்டவை. 110 தடிமனுள்ள ஈ தந்தியை அதில் வைத்து அமுக்கினால் பள்ளத்தின் மேலேயே நின்றுகொண்டு, முதல் ஃபிரெட்டில் சுருதி ஏறிப்போகும். பள்ளத்தை அரத்தால் அகலப்படுத்திக் கொடுக்கக்கூடிய நம்பகமான ரிப்பேர்காரர் ஒருவரைக் கண்டுபிடித்த பிறகே அந்த ஆசையை வளர்க்க வேண்டும். வயலின் வடிவ ஹாஃப்னர் போன்ற 30 அங்குல வாத்தியம் வைத்திருப்பவர்கள் அந்த நீளத்துக்கென்று செய்த செட்டையே கேட்டு வாங்க வேண்டும். 34 அங்குலத் தட்டைத் தந்தியை இந்த வாத்தியத்துக்காக நறுக்கினால், தடித்த பகுதியே முறுக்காணியில் சுற்ற நேர்ந்து பட்டை பிளந்துவிடும்.

இவையெல்லாம் தந்தியின் லட்சணங்கள். வாசிக்கப்படும் இடத்தின் லட்சணமும் தேர்வில் பாதிப் பங்கு வகிக்கிறது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

பேஸின் ஈ தந்தி விநாடிக்கு 41 முறை அதிர்கிறது. தூத்துக்குடிப் பனிமய மாதா பேராலயத்திலோ மணப்பாட்டுத் திருச்சிலுவை ஆலயத்திலோ இருப்பதைப் போன்ற உயர்ந்த கூரையும் கெட்டியான சுவர்களுமுள்ள கட்டடத்துக்குள், ஒலி எழுந்தவுடன் அடங்காமல் சுற்றிச் சுற்றி வரும். அங்கே ரவுண்ட்வவுண்டின் நீண்ட கார்வையும் விரல் உரசும் சீற்றமும் பாட்டின் சொற்களோடு கலந்து குழம்பிவிடுகின்றன. தட்டைத் தந்தியில் சுரம் எழும்போது திரட்சியாக எழுந்து, ஒப்புநோக்கச் சீக்கிரம் தணிந்துவிடுவதால், கீர்த்தனையின் வார்த்தை சபைக்குத் தெளிவாகக் கேட்கும். பிரிட்ஜுக்கு அருகே தந்திகளின் அடியில் ஸ்பாஞ்சுத் துண்டு ஒன்றைச் செருகிவிட்டால் கார்வை இன்னும் குறுகும். பழைய ஃபெண்டர் பேஸ்களின் பிரிட்ஜ் மூடிக்குள் இதற்கென்றே நுரைப்பஞ்சு ஒட்டியிருந்தார்கள். ஆகவே ஆலயத்துக்குள் வாசிப்பவருக்கு என் யோசனை சந்தேகத்துக்கு இடமில்லாதது: இழுப்புக் குறைந்த அல்லது நடுத்தரமான தட்டைத் தந்தி, நிக்கலானால் உத்தமம்.

ஆலயத்தின் வாசலைத் தாண்டித் திருவிழாப் பந்தலுக்கு வந்தால் கதை மாறுகிறது. ஜூலை 26-ல் கொடியேறி ஆகஸ்ட் 5 வரை நடக்கும் மாதா திருவிழாவானாலும், கிராமத்துக் கோயில் கொடையானாலும், பேஸ்காரருடைய ஒலி ஜனங்களைச் சென்றடைவது மைக்செட்காரர் கட்டியிருக்கும் கருவிகளின் வழியாகத்தான். பெரிய பாக்ஸ்களும் சப்வூஃபரும் இருந்தால் கவலையில்லை. ஆனால் தெருக்கோடி வரை கம்பத்தில் கட்டிய கூம்புக் குழாய்கள் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரும்பாலும் ஊமைகள். 41-ம் இல்லை, 82-ம் இல்லை, 123-ம் இல்லை. அந்தச் சுரத்தின் மேல் அடுக்கு ஒலிகள் மட்டுமே வெளியே வரும். அவற்றைக் கேட்டவுடன், இல்லாத அடிச்சுரத்தையும் இருப்பதாகக் கற்பித்துக்கொள்கிற விந்தையான ஆற்றல் மனிதச் செவிக்கு உண்டு. ஆனால் கற்பித்துக்கொள்ள மேல் அடுக்குகளாவது வேண்டுமே! அவற்றை அடக்கி வைப்பதே தட்டைத் தந்தியின் தொழிலாகையால், குழாய்களை நம்பி வாசிக்கிற இடத்தில் பழகித் தணிந்த தட்டைத் தந்தி பூட்டிய பேஸ், மேடையில் மட்டும் முழங்கி, தெருவில் காணாமல் போய்விடும். இத்தகைய கச்சேரிகளே பிழைப்பாக இருக்கிறவர்கள், தட்டைத் தந்திகளில் பிரகாசமானவை என்று பெயரெடுத்த டி'அடாரியோ குரோம்ஸையோ ரோட்டோசவுண்ட் 77-ஐயோ தேர்ந்துகொள்ளலாம். இல்லாவிட்டால் ரவுண்ட்வவுண்டோடு சமாதானமாகி, அடிக்கடி மாற்றும் செலவைத் தொழிலின் வரியாகக் கருதிவிடலாம். கட்டை விரலால் அறைந்து வாசிக்கும் ஸ்லாப் முறையில் மோகம் கொண்டவர்களுக்கும் இதே பதில்தான்.

ஃபிரெட் இல்லாத பேஸ் வைத்திருப்பவரைப் பற்றி ஒரு வார்த்தை. கமகத்தின் மேல் பற்றுள்ள நம் இசையில் அந்த வாத்தியத்துக்கு இன்னும் உரிய இடம் கிடைக்கவில்லை என்பது என் குறை. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லும்போது ரவுண்ட்வவுண்ட் எழுப்புகிற கீச்சொலி தட்டைத் தந்தியில் கிடையாது; விரற்பலகையின் மரத்தை அரம்போல் தேய்க்கும் தோஷமும் இல்லை. ஜேக்கோ பாஸ்டோரியஸ் ஃபிரெட் இல்லாத பேஸில் ரவுண்ட்வவுண்டைப் பூட்டினாரே என்று கேட்பவர்கள், அவர் தமது விரற்பலகையின்மேல் கெட்டியான எபாக்ஸிப் பூச்சு ஏற்றியிருந்தார் என்பதையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும்.

வாங்குகிற முறைக்கு வருவோம். தென்மாவட்டத்துக் கடைகளில் தொங்குபவை பெரும்பாலும் ரவுண்ட்வவுண்ட் செட்டுகளே. தட்டைத் தந்தியைச் சொல்லிவைத்து வரவழைக்க வேண்டும். அல்லது சென்னையிலிருந்தோ தபாலிலோ தருவிக்க வேண்டும். அப்படித் தருவிக்கும்போது உள்ளுறை காற்றுப் புகாமல் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கடைக்காரர் அன்போடு பிரித்துக் காட்டிய செட்டு, கடலோரக் கண்ணாடி அலமாரியில் எத்தனை மாதம் அப்படிக் கிடந்ததோ! செட்டின் எண்ணைக் காகிதத்தில் எழுதிக் கொடுப்பதும் நல்லது; "நல்ல பிளாட்வவுண்ட் ஒன்று" என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டால் எது கையிருப்போ அதுதான் வந்து சேரும்.

வாங்குவதற்கு முன் அளவு நாடாவால் ஒரு வேலை செய்துவிட வேண்டும். தட்டைத் தந்தியின் இரு முனைகளிலும் பட்டுநூல் சுற்றியிருப்பார்கள். அந்த நூல் பிரிட்ஜின் மேடையிலோ நட்டின் பள்ளத்திலோ படிந்தால் நாதம் மங்கும். தந்தியின் குண்டு தங்கும் இடத்திலிருந்து நட் வரைக்கும் உள்ள நீளத்தை அளந்து, உலோகச் சுற்றின் நீளம் அதைத் தாண்டுகிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். வாத்தியத்தின் உடலைத் துளைத்துப் பின்புறமாகத் தந்தி கோக்கும் வகையில் செய்த பேஸ்களில் இந்தத் தொல்லை அதிகம். அந்தத் துளையின் விளிம்பில் தந்தி செங்குத்தாக மடிவதால் பட்டை பிளக்கும் அபாயமும் உண்டு. அத்தகைய வாத்தியத்தில் பிரிட்ஜின் வழியாகக் கோக்கவும் வசதி இருந்தால் அதையே பயன்படுத்துவது உத்தமம்.

பூட்டும்போது நான்கையும் ஒரே மூச்சில் கழற்றிக் கழுத்தின் இழுப்பை முழுவதும் தளர்த்திவிடாமல், ஒவ்வொன்றாக மாற்றுங்கள். முறுக்காணியைத் தாண்டி நான்கைந்து அங்குலம் விட்டு, முதலில் அந்த இடத்தில் தந்தியை நேர்கோணமாக மடக்கி, மடிப்புக்கு அப்பால்தான் நறுக்க வேண்டும். மடக்காமல் நறுக்கினால் உட்கம்பியின் பிடியிலிருந்து பட்டை நழுவி, தந்தி முழுவதுமே செத்துப்போகலாம். சுருதி ஏற்றி ஒரு நாள் விட்டுவைத்த பிறகு கழுத்தின் வளைவைப் பார்த்து ட்ரஸ் ராடைச் சிறிது சிறிதாகத் திருப்பி, அதற்குப் பின்னரே பன்னிரண்டாம் ஃபிரெட்டில் சுருதி ஒத்து வருகிறதா என்று சோதித்துப் பிரிட்ஜை நகர்த்த வேண்டும். மழைக்காலத்து ஈரத்தில் சரிசெய்த கழுத்து கச்சான் காலத்து வறட்சியில் அப்படியே நிற்காது. ஆண்டில் இரண்டு தடவையாவது பார்த்துக்கொள்வது அவசியம்.

முதல் சில வாரங்களில் தீர்ப்புச் சொல்ல அவசரப்படாதீர்கள். புதுத் தட்டைத் தந்தியில் உலோகக் கணீர் சற்று மிகுந்திருக்கும். அதைக் கேட்டு, இதற்காகவா இவ்வளவு பணம் கொடுத்தோம் என்று கழற்றி வைத்துவிடுகிறவர்கள் உண்டு. தினமும் வாசிக்க வாசிக்க அந்த மேற்பூச்சு தணிந்து, ஒலி ஒரு நிலைக்கு வந்து, பிறகு வெகுகாலம் அந்த நிலையிலேயே நிற்கும். ரவுண்ட்வவுண்டை வெந்நீரில் கொதிக்கவைத்து உயிர்ப்பிக்கிற தந்திரத்தை இதனிடம் பிரயோகிக்க வேண்டாம். பட்டைகளுக்கு அடியில் புகுந்த நீர் எளிதில் உலராது. துருவைத் தடுக்குமென்று தேங்காய் எண்ணெயோ மெஷின் எண்ணெயோ தடவுகிற வழக்கமும் ஆகாது; எண்ணெய் உள்ளே இறங்கி அதிர்வை அடைத்துவிடும். வாசித்து முடித்தவுடன் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு தந்தியையும் மேலும் கீழும் அழுத்தித் துடைத்தால் போதும். பிசுக்கு ஏறியிருந்தால் துணியில் சிறிது ஸ்பிரிட் நனைத்துத் துடைக்கலாம், ஆனால் மரத்தின் பூச்சில் அது படாதபடி தந்திக்கு அடியில் ஓர் அட்டையைச் செருகிக்கொள்ள வேண்டும். கிட்டாரைச் சன்னலோரத்தில் மாட்டிவைக்காமல் பெட்டியில் வையுங்கள். மருந்துப் புட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களைச் சேர்த்து அந்தப் பெட்டிக்குள் போட்டு, அவை ஊறிப்போனதும் புதியவற்றை மாற்றி வாருங்கள்.

என்றாவது வேறு செட்டுக்கு மாற நேர்ந்தால், கழற்றிய தட்டைத் தந்திகளை எறிந்துவிடாதீர்கள். நறுக்கிய முனை விரியாதபடி மெல்லிய நூலால் கட்டி, பெரிய வட்டமாகச் சுருட்டி, செட்டின் எண்ணையும் பூட்டிய மாதத்தையும் எழுதிய சீட்டோடு காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தால், கச்சேரிக்கு முந்திய இரவில் ஒரு தந்தி அறுந்துபோகும்போது புதியதைத் தேடி அலையாமல் பழகிய ஒலியுள்ள மாற்றுத் தந்தியையே எடுத்துப் பூட்டிக்கொள்ளலாம். ஆனால் நீளம் ஏற்கெனவே நறுக்கப்பட்டிருப்பதால், அதே அமைப்புள்ள தலைப்பகுதி கொண்ட வாத்தியத்துக்கே அது பொருந்தும்.